பறந்தவனும் படைத்தவர்களும்

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் கணக்கு நோட்டின் அட்டையில் ஐங்கோணக் கட்டம் ஒன்று வரைந்து, அதற்குள் வளைந்த ஆங்கில எழுத்து ஒன்றைத் தீட்டி, சிவப்பு மையால் நிரப்பி வைத்திருந்தான். கண்டோம், கடிந்தோம். வானத்திலே மனிதன் பறப்பதாவது, அதை வாய் பிளந்து பார்ப்பதாவது என்று, வகுப்பு முழுவதும் கேட்கும்படி எள்ளி நகையாடினோம். பையன் தலை கவிழவில்லை. “சார், இந்தக் கதையை முதலில் யார் எழுதினாங்க?” என்று கேட்டான். விடை நம்மிடம் இல்லை. மணி அடித்தது, தப்பினோம்.

தப்பினோம் என்றா சொன்னோம்? இல்லை, தோழர்களே! அந்தக் கேள்வி வீடு வரையில் நம்மைத் துரத்தி வந்தது. ஆராயாமல் ஏற்பது மடமை என்று மேடைதோறும் முழங்குகிறோமே, ஆராயாமல் எள்ளுவது மட்டும் அறிவுடைமையாகுமா? அதுவும் அதே மடமையின் மறுபக்கந்தானே! எனவே ஆராய்ந்தோம். எள்ளத்தக்கது எது, ஏற்கத்தக்கது எது என்று பிரித்தெடுக்க முயன்றோம். சூப்பர்மேன் என்ற அந்தப் படக்கதை நாயகன் யார், எங்கே பிறந்தான், ஏன் இன்னும் சாகாமல் இருக்கிறான் என்பதைத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

அவன் பிறந்த இடம் கிரிப்டன் என்னும் கோள் என்கிறது கதை. உண்மையில் அவன் பிறந்த இடம், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே, ஆலைப் புகை மண்டிய கிளீவ்லாந்து நகரம். அவனைப் பெற்றவர்கள் இருவர். ஒருவர் ஜெர்ரி சீகல், எழுத்தாளர். மற்றொருவர் ஜோ ஷூஸ்டர், ஓவியர். இருவரும் 1914-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவரின் தந்தை துணிக்கடை வைத்திருந்தார். மற்றவரின் தந்தை தையற்காரர். இருவரும் மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள், கூச்சம் மிக்கவர்கள், விளையாட்டுத் திடலிலே வெல்ல முடியாதவர்கள், விரும்பிய பெண்ணிடம் வாய் திறந்து பேச முடியாதவர்கள்.

அவர்கள் வாலிபத்தை எட்டிய காலம் எப்படிப்பட்ட காலம்? 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் மூடப்பட்டன. வங்கிகள் வீழ்ந்தன. உழைக்கக் கையிருந்தும் வேலையில்லாத மக்கள், ஒரு துண்டு ரொட்டிக்காகத் தெருவிலே நீண்ட வரிசையில் நின்றார்கள். ஷூஸ்டருக்கு வரைவதற்குத் தாள் வாங்கப் பணமில்லை. சுவரில் ஒட்டும் தாளின் பின்புறத்திலும், பொட்டலம் மடிக்கும் தாளிலும் வரைந்தார். 1932-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், சீகலின் தந்தையாருடைய கடையிலே திருட்டு நடந்தது. அந்த அதிர்ச்சியில் அவர் நெஞ்சு நின்று மாண்டார். மகனுக்கு வயது பதினேழு.

துப்பாக்கிக் குண்டும் துளைக்காத நாயகனை, திருடரைத் தூக்கியெறியும் தீரனை, இந்தச் சாவுதான் பெற்றெடுத்தது என்று முடிச்சுப் போடும் திறனாய்வாளர் உண்டு. சான்று போதாமல் முடிச்சுப் போடுவது பகுத்தறிவாளனுக்கு அழகன்று. ஆயினும், கையறு நிலையிலே நின்ற இளைஞன் ஒருவன், கை வலுத்த மனிதனைக் கனவு கண்டான் என்று சொல்வதற்குப் பெரிய சான்று எதுவும் தேவையில்லை.

முதலில் கண்ட கனவு தீய கனவு! 1933 ஜனவரியில், அவர்கள் தாங்களே உருட்டி அச்சிட்ட சிற்றிதழிலே ‘சூப்பர்மேனின் ஆட்சி’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுகதை வந்தது. அதிலே வரும் சூப்பர்மேன் கொடியவன். ரொட்டி வரிசையிலே நின்ற ஓர் ஏழையை விஞ்ஞானி ஒருவர் அழைத்துச் சென்று, தம் ஆராய்ச்சிக்கு ஆட்படுத்துகிறார். ஏழைக்குப் பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் வருகிறது. வந்ததும் என்ன செய்தான்? தன்னோடு வரிசையில் நின்றவர்களுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தானா? இல்லை. உலகத்தையே அடக்கி ஆளப் புறப்பட்டான். இறுதியில் ஆற்றல் வடிந்து, பழைய ரொட்டி வரிசைக்கே திரும்பினான்.

சூப்பர்மேன் என்ற சொல்லும் அவர்கள் புதிதாக ஆக்கியதன்று. நீட்சே என்ற ஜெர்மன் தத்துவவாதி, மனிதனைக் கடந்த மனிதனைப் பற்றிப் பேசினார். 1903-இல் பெர்னார்ட் ஷா தம் நாடகம் ஒன்றின் தலைப்பிலே அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் நடமாட விட்டார். சிறுகதை வந்த அதே 1933 ஜனவரியின் 30-ஆம் நாள், ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சிப் பீடத்தில் ஏறினான். உயர்ந்த இனம், ஆளப் பிறந்த இனம் என்று கொக்கரித்த கூட்டம், நீட்சேயின் சொல்லைத் தன் கொடியிலே கட்டிக்கொண்டது. கிளீவ்லாந்தின் யூத இளைஞர்கள் இருவர் அந்தச் சொல்லை மீட்டுக்கொண்டார்கள். ஆள வந்தவனை விலக்கிவிட்டு, உதவ வந்தவனை அந்தப் பெயரில் அமர்த்தினார்கள். இதனை இலக்கியத்திலே நிகழ்ந்த ஒரு சிறு புரட்சி என்று நாம் துணிந்து கூறுவோம்.

புரட்சியை விலைக்கு வாங்க ஆளில்லை. செய்தித்தாள்களுக்குப் படக்கதை வழங்கும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை மூடின. ஆண்டுகள் பல உருண்டன. இறுதியாக 1938-இல், ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ என்ற புதிய இதழ் அதனை ஏற்றது. விலை 10 சென்ட். ஜூன் மாத இதழ் என்று அட்டையிலே அச்சிட்டு ஏப்ரலிலேயே கடைக்கு வந்தது. 13 பக்கங்கள், பக்கத்துக்கு 10 டாலர், ஆக 130 டாலர். கதைக்கு மட்டுமா அந்தக் கூலி? கதைக்கும், நாயகனுக்கும், அவன் பெயருக்கும், அவன் இனிமேல் ஈட்டப்போகும் கோடிகள் அனைத்துக்கும் சேர்த்து 130 டாலர்! இந்தக் கணக்கைத் தோழர்கள் மனத்திலே குறித்து வைத்துக்கொள்ளட்டும். பின்னர் திரும்பி வருவோம்.

அந்த முதல் இதழைப் புரட்டுங்கள். பச்சை நிறக் கார் ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பாறையிலே மோதுகிறான் நாயகன்; அது அட்டைப்படம். உள்ளே என்ன? குற்றமற்ற பெண் ஒருத்தி மின்சார நாற்காலியில் உயிர்விடப் போகிறாள். நள்ளிரவிலே ஆளுநரின் மாளிகைக்குச் சென்று, இரும்புக் கதவைப் பெயர்த்து உள்ளே நுழைந்து, அவளுடைய உயிரை மீட்கிறான். அடுத்து, மனைவியை அடித்துக்கொண்டிருக்கும் கணவனைச் சுவரோடு மோதுகிறான். அதற்கடுத்து வாஷிங்டன் நகரம் செல்கிறான். அங்கே செனட்டர் ஒருவர், ஆதிக்கத் தரகன் ஒருவனோடு கூடிக் குலாவுகிறார். நாட்டைப் போரிலே இழுத்துவிடப் பேரம் நடக்கிறது. தரகனைத் தூக்கிக்கொண்டு தந்திக் கம்பிகளின்மேல் ஓடுகிறான் நாயகன்!

இரண்டாம் இதழிலே, போரினால் கொழுக்கும் ஆயுத முதலாளியைப் பிடித்து, அவனையே சிப்பாயாக்கிப் போர்முனையிலே நிறுத்துகிறான். தான் விற்ற குண்டு தன் தலைக்குமேல் வெடிக்கும்போதுதான் முதலாளிக்கு ஞானம் பிறக்கிறது. மூன்றாம் இதழிலே சுரங்கம். பாதுகாப்பில்லாத சுரங்கத்திலே தொழிலாளி சிக்குகிறான். முதலாளியோ மாளிகையிலே விருந்து வைத்துக் கூத்தடிக்கிறான். நாயகன் என்ன செய்தான்? அந்த முதலாளியையும், பட்டுடுத்திய அவன் விருந்தினரையும் அதே சுரங்கத்துக்குள்ளே கொண்டுபோய் அடைபட வைத்தான். எட்டாம் இதழ், 1939 ஜனவரி. குற்றம் செய்யும் சேரிச் சிறுவர்களைக் காண்கிறான். சிறுவர்கள் கெட்டவர்களல்லர், வாழும் இடம் கெட்டது என்று உணர்கிறான். இடிந்த வீடுகளையெல்லாம் தானே தரைமட்டமாக்குகிறான். வேறு வழியின்றி அரசாங்கம் நல்ல வீடுகளைக் கட்டித் தருகிறது.

பகைவர்கள் யாரென்று பாருங்கள், தோழர்களே! பூதமில்லை, பேயில்லை, அரக்கனில்லை. பெண்ணை அடிக்கும் ஆண், விலைபோகும் அரசியல்வாதி, போர் விற்கும் முதலாளி, உயிரை மதிக்காத சுரங்க உரிமையாளன், சேரியைச் சேரியாகவே விட்டுவைத்த ஆட்சி. ஒடுக்கப்பட்டோரின் காவலன் என்றே முதல் இதழ் அவனை அறிமுகப்படுத்திற்று. அந்தப் பட்டம் அன்று அவனுக்குப் பொருந்தியது.

அன்று அவனுடைய ஆற்றலுக்கும் ஓர் அளவிருந்தது. எட்டில் ஒரு பங்கு மைல் தாவுவான்; இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான்; விரைவு ரயிலை முந்துவான். பறக்க மாட்டான்! எறும்பு தன் எடையைப்போலப் பன்மடங்கு சுமக்கவில்லையா, வெட்டுக்கிளி தன் நீளத்தைப்போலப் பன்மடங்கு தாவவில்லையா என்று உயிர்நூலிலிருந்து உவமை காட்டி, நம்பும்படி சொல்ல முயன்றார்கள். அந்த விளக்கம் அறிவியலிலே நில்லாது. எறும்பை மனிதன் அளவுக்குப் பெருக்கினால் அதன் கால்களே அதனைத் தாங்கா. ஆயினும் மந்திரம் என்று மழுப்பாமல், காரணம் தேடினார்களே, அந்த மனப்பான்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

பின்னர் நடந்தது என்ன? 1940-களிலே தாவியவன் பறக்கத் தொடங்கினான். 1960-களிலே கோள்களையே இடம் பெயர்க்கும் அளவுக்கு வலிமை பெற்றான். வலிமை வளர்ந்தது, வழக்கு சுருங்கியது! கார் ஒன்றைத் தூக்கத் தெரிந்த காலத்திலே சுரங்க முதலாளியை நடுங்க வைத்தவன், கோளையே தூக்கத் தெரிந்த காலத்திலே வங்கித் திருடனைத் துரத்திக்கொண்டிருந்தான். கோளைத் தள்ளுகிறவன் சேரியைத் தொடவில்லை. ஏன்?

விடை கடினமன்று. 1940-க்குள் அவன் பெரு வணிகமாகிவிட்டான். செய்தித்தாளில் அவன், வானொலியில் அவன், பொம்மைக் கடையில் அவன். பொருளை விற்பவன், பொருளாதாரத்தைக் கேள்வி கேட்பானா? போதாக்குறைக்கு 1954 வந்தது. படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற கூக்குரல் அமெரிக்காவில் எழுந்தது. செனட் குழு விசாரித்தது. அஞ்சிய பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை எழுதிக்கொண்டார்கள். காவலர், நீதிபதி, அரசு அதிகாரிகள் ஆகியோர்மீது மதிப்புக் குறையும்படி எதுவும் வரையக்கூடாது என்பது அவ்விதிகளிலே ஒன்று. ஆளுநரின் கதவைப் பெயர்த்த 1938-இன் நாயகன், 1954-இன் விதிப்படி அச்சேறவே முடியாதவன்!

அந்தக் கூக்குரலுக்கு முன்னின்றவர் பிரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர். அவரைப் பழிகாரர் என்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலே, கறுப்பின மக்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் மனநல மருத்துவமனை நடத்தியவர் அவர். வல்லவன் வகுத்ததே நீதி, வலுத்த கை அடித்தால் வாதம் முடிந்தது என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்களே என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்திலே நியாயம் உண்டு. யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவன், யாருக்கும் பதில் சொல்லாத ஒருவன், தன் மனத்துக்கு நீதி என்று பட்டதைத் தன் முட்டியால் நிலைநாட்டுகிறான். அவன் நல்லவனாக இருக்கும்வரை கதை இனிக்கிறது. நல்லவனாக இல்லாவிட்டால்? அப்போது அவன் 1933-இன் சிறுகதையிலே வந்த கொடியவனே! இந்த ஐயத்தை எழுப்பாத திறனாய்வு பாதித் திறனாய்வு.

ஆனால், எண்பது ஆண்டுகளைக் கடந்தும் பிள்ளைகள் அந்தச் சின்னத்தை நோட்டிலே வரைகிறார்களே, முட்டியின் வலிமைக்காக மட்டுமா? முட்டி வலுத்த நாயகர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், மறைந்தார்கள். இவன் நிலைத்ததற்குக் காரணம் இரண்டு என்று நமக்குப் படுகிறது.

முதற் காரணம், அவனுடைய மூக்குக் கண்ணாடி. செய்தித்தாள் அலுவலகத்திலே வேலை செய்யும் கிளார்க் கென்ட் கூச்சமுள்ளவன், கோழை என்று பெயரெடுத்தவன். உடன் பணியாற்றும் லோயிஸ் லேன் அவனை ஏறெடுத்தும் பாராள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலேதான் மலையைப் பெயர்ப்பவன் ஒளிந்திருக்கிறான். வகுப்பின் கடைசி வரிசையிலே, எவரும் பொருட்படுத்தாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இதைப் படித்து என்ன நினைக்கும்? ‘என்னை இவர்கள் அறியவில்லை, எனக்குள்ளும் ஒருவன் இருக்கிறான்’ என்று நினைக்கும். அந்த நினைப்பு பொய்யா? ஆசிரியர் தொழில் செய்யும் நாம் சொல்லுகிறோம்: பொய்யன்று. பறக்கும் ஆற்றல் பொய். அறியப்படாத ஆற்றல் பொய்யன்று.

இரண்டாம் காரணம், அவன் வந்தேறி. அழியும் கோளிலிருந்து பெற்றோர் குழந்தையை மட்டும் விண்கலத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். அயல் மண்ணிலே எளிய மக்கள் எடுத்து வளர்க்கிறார்கள். பெயர் மாறுகிறது, பிறப்பை மறைக்க நேர்கிறது, ஆயினும் வாழ வைத்த மண்ணுக்கு அவன் உழைக்கிறான். வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் எழுதிய கதையல்லவா! 1924-இலேயே அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பிய மக்கள் வந்து குடியேறும் வாயிலைச் சட்டம் போட்டுக் குறுக்கிவிட்டது. 1939-இல், 900-க்கும் மேற்பட்ட யூத அகதிகளை ஏற்றிவந்த செயின்ட் லூயிஸ் என்ற கப்பல், அமெரிக்கக் கரையைக் கண்ணாலே கண்டும் இறங்க இடம் கிடைக்காமல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதே ஆண்டின் கோடைக் காலத்தில் ‘சூப்பர்மேன்’ என்ற தனி இதழ் வெளிவந்து, விண்ணிலிருந்து வந்த குழந்தையைக் கென்ட் தம்பதியர் ஏற்று வளர்த்த கதையைச் சொன்னது. கதையிலே வந்த அகதிக்குக் கதவு திறந்தது. கப்பலிலே வந்த அகதிக்குத் திறக்கவில்லை!

இந்தக் கதையின் உட்பொருளை நாஜிகள் நன்றாகவே உணர்ந்துகொண்டார்கள். 1940 பிப்ரவரியிலே ‘லுக்’ என்ற அமெரிக்க இதழுக்காகச் சீகலும் ஷூஸ்டரும் இரண்டு பக்கக் கதை ஒன்று ஆக்கினார்கள். அதிலே சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவந்து, ஜெனீவாவிலே நாடுகளின் சங்கத்தின்முன் நிறுத்துகிறான். ஏப்ரலில், ஹிட்லரின் கறுஞ்சட்டைப் படையினுடைய வார ஏடு சீறிப் பாய்ந்தது. சீகலின் யூதப் பிறப்பைச் சுட்டி வசைமாரி பொழிந்தது. கிளீவ்லாந்து இளைஞன் எழுதிய சிறுவர் கதைக்கு, பெர்லின் மறுப்பெழுத வேண்டி வந்தது!

அப்படியானால் உலகப் போரையே அவன் ஒரு நாளில் முடித்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்பார்கள் அல்லவா? ஆசிரியர்கள் விழித்தார்கள், வழி கண்டார்கள். 1942-இல் வந்த கதையிலே, கிளார்க் கென்ட் படையிலே சேரப் போகிறான். கண் பரிசோதனை நடக்கிறது. ஊடுருவும் பார்வையினால், தன்னையறியாமல் அடுத்த அறையிலே தொங்கிய எழுத்துப் பலகையைப் படித்துவிடுகிறான். கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்! நகைச்சுவைதான், ஆயினும் அதிலே ஓர் ஒப்புதல் இருக்கிறது. உண்மையான போரிலே உண்மையான மனிதர் சாகும்போது, கற்பனை நாயகன் குறுக்கே வருவது அவர்களுக்கு இழிவு என்ற ஒப்புதல் அது.

சீற்றம் முழுவதும் செத்துப்போகவில்லை என்பதற்கு 1946 சான்று. அவ்வாண்டு அமெரிக்க வானொலியிலே, சூப்பர்மேன் தொடர் நாடகம் 16 பகுதிகள் கொண்ட கதையொன்றை ஒலிபரப்பியது. சீனக் குடும்பம் ஒன்று புதிதாகக் குடியேறுகிறது. பையன் விளையாட்டுக் குழுவிலே சிறந்து விளங்குகிறான். முகமூடியணிந்து சிலுவையைக் கொளுத்தும் கூட்டம் அக்குடும்பத்தை அச்சுறுத்துகிறது. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கூட்டத்தைத்தான் பெயர் மாற்றிக் காட்டினார்கள் என்பது கேட்ட சிறுவர் எவருக்கும் விளங்கும். நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய நாட்டிலே, பிள்ளைகள் காதிலே இப்படி ஒரு பாடம் ஓதியது சிறு தொண்டன்று.

இனி அந்த 130 டாலருக்கு வருவோம். ஒடுக்கப்பட்டோரின் காவலனைப் படைத்தவர்கள் என்ன ஆனார்கள்? 1947-இல் உரிமை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 1948-இல், ஏறத்தாழ 94,000 டாலரோடு வழக்கு முடிந்தது. அதிலும் பெரும்பகுதி வழக்கறிஞர்களுக்கே சென்றது. கதையின் தலைப்பிலே இருந்த அவர்கள் பெயரும் நீக்கப்பட்டது. ஓவியர் ஷூஸ்டர் பார்வை மங்கிப்போனார். சீகல் தம் முதுமையிலே அஞ்சல் பிரிக்கும் எழுத்தராக வேலை பார்த்தார். அவர்கள் பெற்ற பிள்ளையோ விண்ணிலே பறந்து கோடி கோடியாக ஈட்டிக்கொண்டிருந்தான். சுரங்க முதலாளியைக் கதையிலே தண்டித்தார்கள். வாழ்க்கையிலே தாங்களே சுரங்கத்துக்குள் அகப்பட்டார்கள்!

அவர்களை யார் மீட்டது? வானத்திலிருந்து எவரும் வரவில்லை. 1975-இல், சூப்பர்மேன் பெரும்படமாகப் போகிறது என்ற செய்தி கண்ட சீகல், நடந்த அநீதியை விரிவாக எழுதிச் செய்தித்தாள்களுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற ஓவியர்கள் தோள் கொடுத்தார்கள், கேலிச்சித்திரக்காரர் சங்கம் துணை நின்றது, செய்தித்தாள்கள் எழுதின, மக்கள் கேட்டார்கள், வெட்கக்கேடு என்றார்கள். பெருநிறுவனம் பணிந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை என்று முடிவாயிற்று. நீக்கப்பட்ட பெயர்கள் மீண்டும் தலைப்பில் ஏறின. 1978-இல் வந்த படத்திலே அப்பெயர்கள் திரையில் ஒளிர்ந்தன. ஷூஸ்டர் 1992-இலும், சீகல் 1996-இலும் மறைந்தார்கள். 10 சென்ட் விலையிட்ட அந்த முதல் இதழின் ஒரு படி, 2024-இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று; 130 டாலரின் கதையை அறிந்தோர் அச்செய்தியைப் படித்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

நம் தீர்ப்பு இதுதான். சூப்பர்மேன் கதையிலே நஞ்சும் உண்டு, நல்லதும் உண்டு. எவனோ ஒருவன் வருவான், எல்லாவற்றையும் நேராக்குவான் என்று அண்ணாந்து பார்க்கும் பழக்கம் நஞ்சு. அது எந்த நாட்டுக் கதையிலே வந்தாலும் நஞ்சு. வலுத்தவன் மெலிந்தவனுக்காக நிற்க வேண்டும், வந்தவனை வாழ வைக்க வேண்டும், ஒதுங்கி உட்கார்ந்திருப்பவனுக்குள்ளும் ஒருவன் இருக்கிறான் என்ற மூன்று எண்ணங்கள் நல்லவை. அவற்றைப் பட்டினியிலே வாடிய இரண்டு இளைஞர்கள், பொட்டலத் தாளிலே வரைந்து உலகுக்குத் தந்தார்கள். நஞ்சுக்கு மாற்று மருந்து அவர்கள் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர்களைக் காத்தது, எழுதிய கையும், உடன் நின்ற தோழர்களும், கூடிக் கேட்ட மக்களும்.

மறுநாள் வகுப்பிலே அந்தப் பையனை அழைத்தோம். நேற்று நாம் எள்ளியது தவறு என்று, எள்ளியபோது கேட்ட அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னோம். சீகல், ஷூஸ்டர் என்று இரண்டு பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, அவர்கள் கதையைச் சொன்னோம். முடித்ததும் வகுப்பு அமைதியாக இருந்தது. பையன் நோட்டை எடுத்தான். அழிப்பான் என்று நினைத்தோம். அழிக்கவில்லை. அந்த ஐங்கோணக் கட்டத்துக்குக் கீழே, தன் முத்தான கையெழுத்தில், இரண்டு பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டான்.